ஊட்டிக் குளிரில் ஜெல் பாலிஷ் ஏன் நிற்பதில்லை?

"அக்கா, போன வாரம்தான் போட்டேன், அதுக்குள்ள ஓரம் தூக்கிடுச்சு. பாலிஷ் டூப்ளிகேட்டா?" ஊட்டியில் பார்லர் வைத்திருக்கும் யாருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. பாட்டிலில் கோளாறு இருப்பதும் உண்டுதான். ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலும் தப்பு நடப்பது பாலிஷ் மூடியைத் திறப்பதற்கு முன்னாலேயே.

ஜெல் பாலிஷ் காற்றில் உலர்வதில்லை. விளக்கின் புற ஊதாக் கதிர் பட்டதும் அதிலுள்ள அக்ரிலேட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்படுகின்றன. அது நகத்தில் பிடிக்க வேண்டுமானால் நகம் நன்றாகக் காய்ந்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் இருக்க வேண்டும். நம் மலையில் சிக்கலே அங்கேதான்.

குளிருக்கு இதமாக இருக்குமென்று வெந்நீரில் கையை ஊறவைத்து மேனிக்யூர் செய்துவிட்டு, துடைத்த கையோடு ஜெல் போடும் பழக்கம் இங்கே நிறைய. நகம் தண்ணீரை உறிஞ்சி லேசாக உப்பும். உப்பிய நகத்தின் மேலேயே ஜெல்லைக் கெட்டியாக்கிவிடுகிறோம். அப்புறம் நகம் காய்ந்து பழைய வடிவத்துக்குத் திரும்பும், ஜெல் திரும்பாது. ஓரம் தூக்காமல் என்ன செய்யும்? ஜெல் போடும் நாளில் ஊறவைக்கும் மேனிக்யூர் வேண்டாம். வாடிக்கையாளர் கேட்டாலும் முந்தின நாள் வரச் சொல்லுங்கள். மழை மாதங்களில் பாத்திரம் துலக்கிவிட்டு நேரே வருகிறவர்களையும் கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

எண்ணெய் விஷயம் அதைவிட நுணுக்கம். மூக்கடைப்புக்கு நீலகிரித் தைலம் தேய்த்த விரல், தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த விரல், வெடிப்புக்குக் கிரீம் போட்ட விரல். பனிக்காலத்தில் இதில் ஒன்றாவது இல்லாமல் யாரும் வருவதில்லை. கையில் இருக்கிறதே என்று சானிடைசரால் துடைக்காதீர்கள். அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும், அவை நகத்திலேயே தங்கிவிடும். அடர்த்தியான ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத துணி, இரண்டும் வேண்டும். துடைத்தபின் அந்த நகத்தை யாரும் தொடக் கூடாது, நீங்களும்தான்.

இன்னொன்றைக் கண்ணால் பார்த்தே பிடிக்கலாம். விரலை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். நகம் தொடங்கும் இடத்தில் மங்கலாக, நகத்தோடு ஒட்டினாற்போல ஒரு மெல்லிய சவ்வு தெரியும். அது செத்த தோல். நகத்தின் அடியோரத் தோலான க்யூட்டிக்கிளைத் தள்ளிவிட்டோம் என்று நினைத்திருப்போம், இந்தச் சவ்வு மட்டும் அப்படியே இருக்கும். அதன் மேல் பூசிய ஜெல் நகத்தில் பூசிய ஜெல் ஆகாது. சவ்வு உரியும்போது அதுவும் சேர்ந்து வரும். மெதுவாகச் சுரண்டி எடுங்கள், வெட்ட வேண்டாம். மேற்பளபளப்பு போகும் அளவுக்கு பஃபரால் (நகம் தேய்க்கும் மென்மையான அரம்) லேசாகத் தேய்த்தால் போதும். ஓங்கி அராவி நகத்தை மெலிதாக்கினால் விளக்குக்குள் கையை வைத்ததுமே சுரீரென்று சுடும். ஜெல் கெட்டிப்படும்போது வெப்பம் வெளிப்படும். மெல்லிய நகம் அதைத் தாங்காது.

நுனியில் பெயர்ந்து போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நக நுனியின் விளிம்பிலும் பிரஷ்ஷை ஓட்டி மூடாமல் விட்டிருப்பார்கள். தேயிலை கிள்ளும் கைக்கு, எப்படி மூடினாலும், நீளமான நகம் சரிப்படாது. குட்டையாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.

குளிருக்கு வருவோம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி காலையில் கடையைத் திறந்தால் பாட்டிலுக்குள் ஜெல் இறுகிப்போய்க் கிடக்கும், பிரஷ் இழுபடும். இழுபட்டால் கை தானாகவே அதிகமாக எடுத்துத் திக்காகப் பூசும். அடர்ந்த மெரூனும் கறுப்பும் ஏற்கெனவே ஒளியை உள்ளே விடாத நிறங்கள். திக்காகப் பூசினால் மேற்புறம் மட்டும் இறுகி, அடியில் ஈரமாகவே நின்று, காய்ச்சிய பாலின் ஏடு போலச் சுருங்கும். பாட்டிலை ஒரு கவரில் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வைத்து, பிறகு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். குலுக்கினால் குமிழி வரும். ஹீட்டர் மேல் வைக்கவே வேண்டாம். இரண்டு கோட் போதாவிட்டால் மெலிதாக மூன்று போடலாம், திக்காக ஒன்று போடாதீர்கள்.

வெயிலுக்காக ஜன்னலோரம் மேஜை போடுவதும் நம் ஊர் வழக்கம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஜன்னல் வெளிச்சத்தில் திறந்து வைத்த பாட்டிலில் பிரஷ் முடி கட்டிதட்டிப் போவது அதனால்தான்.

விளக்கைப் பற்றிக் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்கிறேன். இன்றைய எல்இடி விளக்குகள் பெரும்பாலும் 365, 405 நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளி தருபவை. எந்த ஜெல்லுக்கு எந்த விளக்கு, எத்தனை விநாடி என்பதைத் தயாரித்த நிறுவனம் சொல்லியிருக்கும், அதைப் பின்பற்றுங்கள். ஆன்லைனில் வாங்கிய சின்ன விளக்கை பவர் பேங்கில் செருகிவிட்டு, அந்த விநாடிக் கணக்கையே நம்புவது சரியல்ல. மழையில் மரம் விழுந்து பாதியில் கரண்ட் போனால், வந்தபின் மிச்ச விநாடிகளை மட்டும் கொடுக்காமல் முழு நேரமும் மறுபடி கொடுங்கள். கட்டைவிரல் விளக்குக்குள் எப்போதும் சாய்ந்தே நிற்கும். நான்கு விரலை முதலில் வைத்து, கட்டைவிரல் இரண்டையும் தனியாக நேராக வையுங்கள். மற்ற நகம் நிற்க, கட்டைவிரல் மட்டும் கழன்று வருவதன் ரகசியம் இதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் அழகும் காசும் சம்பந்தப்பட்டவை. சரியாக இறுகாத ஜெல்லால் உடம்புக்கும் கேடு உண்டு. இறுகாத அக்ரிலேட் தோலில் படப் பட ஒவ்வாமை உண்டாகலாம். நகத்தைச் சுற்றி அரிப்பு, சிவப்பு, சிறு கொப்புளம், விரல் நுனி வெடிப்பு. சிலருக்கு விரல் பட்ட கண் இமையிலும் கழுத்திலும்கூட அரிப்பு வரும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தொடரும். பிறகு பல் அடைக்கும் பொருள், மூட்டு மாற்று சிகிச்சையில் பயன்படும் சிமென்ட் போன்ற அக்ரிலேட் பொருட்களிலும் தொந்தரவு தரக்கூடும். ஹெமா எனப்படும் மெத்தாக்ரிலேட் சேர்ந்த நகப் பொருட்களைத் தொழில்முறையாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஜெல் இறுக உதவும் டிபிஓ என்ற பொருளை 2025 செப்டம்பர் முதல் அழகுப் பொருட்களில் தடையே செய்துவிட்டது. லேபிளே இல்லாத பாட்டிலை விலை மலிவென்று வாங்காதீர்கள்.

தோலில் ஜெல் பட்டால் விளக்குக்கு முன்பே மரக்குச்சியால் துடைத்துவிடுங்கள். கடைசியில் மிஞ்சும் பிசுபிசுப்பு கோளாறல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனால் மேற்பரப்பு முழுதாக இறுகாமல் நிற்பது. ஆனால் அதைத் துடைத்த பஞ்சை வெறும் விரலால் பிடிக்காதீர்கள். பார்லர் பெண்களுக்குத்தான் இந்த ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம். பனி வெடிப்பு ஆறாத விரலுக்கு ஜெல் போடுவதைத் தள்ளிவைக்கச் சொல்வேன். அரிப்பு வந்தால் பிராண்டை மாற்றி மாற்றிப் பார்க்காமல், எந்தப் பொருள் ஒவ்வவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டை தோல் மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள்.

தூக்கிய ஓரத்துக்குள் ஈரம் தங்கி நகம் பச்சையாவதும் இங்கே உண்டு. பூஞ்சை என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. அதன் மேல் இன்னொரு கோட் போட்டு மறைக்கக் கூடாது. ஜெல்லை எடுத்து, நகத்தை உலர வைத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எடுக்கும்போது உரிக்காதீர்கள், நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வரும். மேல் கோட்டை லேசாக அராவி, அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்து ஃபாயிலால் சுற்றி 10, 15 நிமிடம் விடுங்கள். குளிரில் இன்னும் கொஞ்சம் ஆகும். அவசரப்பட்டு அசிட்டோனைச் சூடாக்குவதும் கணப்பருகே உட்கார்ந்து எடுப்பதும் ஆபத்து. அசிட்டோன் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 20 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து போகும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, கம்பி ஹீட்டரை அணைத்துவிட்டு, ஃபாயில் சுற்றிய கையைக் கம்பளிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிரசவ நாள் நெருங்கியவர்களும் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்களும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் அளவில் அடர் நிறங்கள் பிழை உண்டாக்கலாம், நகத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் மருத்துவருக்கும் தெரியாது. அதற்காக வந்தால் என் பார்லரில் எடுக்கக் காசு வாங்குவதில்லை.