பனிச்சறுக்குக்குப் போகிறீர்களா? முதலில் முழங்காலைத் தயார் செய்யுங்கள்

அரையாண்டு விடுமுறைக்கு குல்மர்க், அவுலி, மணாலி என்று டிக்கெட் போடும் குடும்பங்களை இப்போது கீழக்கரையிலும் தொண்டியிலும் ராமேஸ்வரத்திலும் பார்க்க முடிகிறது. ராமநாதபுரத்தில் பிசியோதெரபி பார்க்கும் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் திரும்பி வந்ததும் சிலர் வீங்கிய முழங்காலோடும் மாவுக்கட்டுப் போட்ட மணிக்கட்டோடும் வந்து உட்காரும்போது மனசு கஷ்டப்படுகிறது. ஜாக்கெட், கையுறை, கண்ணாடி என்று எல்லாம் வாங்கியிருப்பார்கள். காலைத் தயார் செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நம்முடையது தட்டையான மாவட்டம். மேடேறி இறங்கும் வேலை நம் கால்களுக்கு இல்லை. பனிச்சறுக்கோ நாள் முழுக்க இறங்குவதுதான். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்க வேண்டும். பழகாத தசை மதியத்துக்குள் சோர்ந்துவிடும். அதோடு, ஸ்கீ என்கிற நீளமான சறுக்குப் பலகையில் மாட்டும் பூட்ஸ் கணுக்காலை அசையவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கும். கால் திருகினால் அந்த விசை முழுவதும் முழங்காலுக்குத்தான் போகும்.

அதனால் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். நம் தோப்புக்கரணமே நல்ல பயிற்சி. உட்காரும்போது மூன்று, நான்கு எண்ணி மெதுவாக இறங்குங்கள். மாடிப்படியில் ஏறுவதைவிட, நிதானமாக இறங்குவதில் கவனம் வையுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் இருப்பதுபோல் அரை நிமிடம் நில்லுங்கள்; நாளாக ஆக நேரத்தைக் கூட்டலாம். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது சமநிலைக்கு உதவும். அரியமான் மணலில் நடக்கிறேன், போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மூச்சுக்கும் கணுக்காலுக்கும் அது நல்லது. தொடைக்கு அது மட்டும் போதாது. ஏற்கெனவே முழங்கால் வலி இருப்பவர்கள், பயிற்சிக்கு முன் காலைக் காட்டிவிடுங்கள்.

ஆடும் வள்ளத்தில் நிற்கிறவர் முழங்காலைத் தளர்த்தி, உடம்பை லேசாக முன்னால் வைத்து நிற்பார். ஸ்கீயிலும் அப்படித்தான் நிற்க வேண்டும். புதியவர்கள் பயத்தில் பின்னால் சாய்வார்கள். இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய், ஒரு ஸ்கீ உள்பக்கம் திருகும்போதுதான் முழங்காலின் முன் குறுக்கு ஜவ்வு கிழிகிறது. விழப்போகிறோம் என்று தெரிந்தால் விழுந்துவிடுங்கள். சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழ முயலாதீர்கள். கையில் இருக்கும் கோலையும் விட்டுவிடுங்கள். அதைப் பிடித்தபடி விழுந்து கட்டைவிரல் ஜவ்வைக் கிழித்துக்கொள்வது வழக்கமாக நடக்கும் காயம்.

வாடகைக் கடையில் அவசரப்படாதீர்கள். பூட்ஸைக் கவ்வும் பைண்டிங், விழும்போது தானாகக் கழன்று காலைக் காப்பாற்ற வேண்டிய பாகம். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், உங்கள் அனுபவம் ஆகியவற்றை வைத்துத்தான் அதை முறுக்கி வைப்பார்கள். எடையைச் சொல்லக் கூச்சப்படவே கூடாது. 'ஓரளவு தெரியும்' என்றும் சொல்லாதீர்கள்; இறுக்கம் கூடினால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது. பூட்ஸுக்குள் ஒரே ஒரு ஜோடி சாக்ஸ் போதும். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கம் லேசாகப் படும். முழங்காலை மடக்கினால் பின்வாங்கும். அதுதான் சரியான அளவு. உள்ளாடைக்குப் பருத்தி வேண்டாம். வேர்வையில் நனைந்தால் காயாமல் உடம்புச் சூட்டை இழுத்துவிடும்.

ஸ்னோபோர்டு என்றால் இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டப்பட்டிருக்கும். புதியவர்கள் கையை ஊன்றி விழுவார்கள். அதிகம் அடிபடுவது மணிக்கட்டு. மணிக்கட்டுக் காப்பு அணியுங்கள். விரல்களை மடக்கி முன்கையில் விழப் பழகுங்கள். எதில் போனாலும் ஹெல்மெட் கட்டாயம்.

கடல் மட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு உயரமும் ஒரு சோதனை. குல்மர்க் ஏறத்தாழ 2,650 மீட்டர்; அங்குள்ள கொண்டோலா என்கிற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டரைத் தாண்டும். 1,600 மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்ரீநகரில் ஓர் இரவாவது தங்கிவிட்டு ஏறுங்கள். தலைவலியோடு குமட்டல், தூக்கமின்மை வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால் உடனே கீழே இறங்குங்கள். இரண்டாம் கட்டத்துக்கு மேலுள்ள சரிவுகள் பனிச்சரிவு அபாயம் உள்ளவை. முதல் பயணத்தில் அங்கே சறுக்க வேண்டாம்.

வெயில் நமக்குப் பழக்கம் என்று அலட்சியமாக இருக்காதீர்கள். காய்ந்த கடல்மணல் புற ஊதாக் கதிரில் 15 சதவீதம் அளவுக்குத் திருப்பியடிக்கும். புதுப்பனி 80 சதவீதம் வரை. கண்ணாடி இல்லாமல் நின்றால் சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும்.

சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள்; உறைந்த இன்சுலினைப் போடக் கூடாது. இதய நோய், ரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். நம் கடலோரத்தில் டேங்க் கட்டி முக்குளிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். காப்பீடு எடுக்கும்போது பனிச்சறுக்கு சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பல திட்டங்களில் சேராது.

முதல் இரண்டு நாளாவது பயிற்றுநரிடம் கற்றுக்கொள்ளுங்கள். சாயங்காலம் கால் நடுங்கத் தொடங்கினால், நண்பர்கள் கூப்பிட்டாலும் அந்தக் கடைசி ரவுண்டுக்குப் போகாதீர்கள். களைத்த கால்தான் அதிகம் அடிபடுகிறது.

முழங்காலில் 'டப்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலில் நடக்காதீர்கள். துணி சுற்றி ஐஸ் வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள், அங்கேயே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எண்ணெய் போட்டு நீவவோ இழுத்துக் கட்டவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். ஊர் திரும்பியதும் எலும்பு மருத்துவரிடம் போங்கள். வீக்கம் வடிந்துவிட்டாலும் போங்கள். ஜவ்வு கிழிந்த முழங்காலிலும் சில வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும்.