வலிப்பை நிறுத்துவது எது?

பஸ் நிலையத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால், கூட்டத்தில் யாராவது ஒருவர் சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் திணித்துவிடுவார். சற்று நேரத்தில் உதறல் அடங்கும். இரும்புதான் அடக்கியது என்று நம்பிக்கொண்டு எல்லோரும் கலைந்துபோவார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடுபவை. அப்படியானால் அதை நிறுத்தியது எது? வலிப்பு ஏன் வருகிறது என்று கேட்கும் அளவுக்கு, அது ஏன் நிற்கிறது என்று நாம் கேட்பதில்லை. கேட்டால், மூளை தன் எரிபொருளைச் செலவழிக்கும் விதத்தில் பதிலின் பெரும்பகுதி கிடைக்கிறது.

மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதம். உடல் ஓய்வில் இருக்கும்போது செலவாகும் ஆற்றலிலோ ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. நியூரான் எனும் நரம்புச் செல் மின்துடிப்பை அனுப்பும்போது சோடியம் உள்ளே பாய்கிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது. இரண்டையும் பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்பினால்தான் அடுத்த துடிப்பு சாத்தியம். இந்த வேலையைச் செய்யும் புரதம் செல்லின் சவ்விலேயே பதிந்திருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும், செல்லின் எரிபொருளான ஏடிபியில் ஒரு மூலக்கூறு செலவு. மூளையில் கையிருப்பு மிகக் குறைவு என்பதால், ரத்தம் கொண்டுவரும் குளூக்கோஸும் ஆக்ஸிஜனும் நொடிதோறும் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

வலிப்பின்போது பெருந்திரளான நியூரான்கள் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில் துடிக்கின்றன. அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, குளூக்கோஸ் மளமளவென்று கரைகிறது. அப்போதும் தேவைக்கு வரத்து ஈடுகொடுப்பதில்லை. குளூக்கோஸ் சிதைந்து உண்டாகும் லாக்டேட் சேர்கிறது, திசு அமிலத்தன்மை அடைகிறது, ஏடிபி வேகமாகச் சிதைகிறது.

ஏடிபி என்பது அடினோசின் என்ற மூலக்கூற்றோடு மூன்று பாஸ்பேட்டுகள் கோத்த சங்கிலி. பாஸ்பேட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டால் கடைசியில் மிஞ்சுவது அடினோசின். அது செல்லுக்கு வெளியே சேர்ந்து, நியூரான்களின் மேற்பரப்பில் ரசாயனச் செய்திகளை வாங்கும் புரதங்களான ஏற்பிகளில், ஏ1 என்ற வகையில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் நியூரான்கள் ஒன்றையொன்று தூண்டும் ரசாயனங்களை விடுவிப்பது குறைகிறது. தணலின் மேல் படியும் சாம்பல் அந்தத் தணலையே மூடி அடக்குவதுபோல, எரிந்து தீர்ந்த ஏடிபியின் மிச்சம் வலிப்பை அடக்குகிறது. மூளையைப் பற்றி நான் படித்தவற்றில் இத்தனை அழகான ஏற்பாடு வேறொன்று இல்லை.

இதை மனித மூளையிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ டியூரிங்கும் டென்னிஸ் ஸ்பென்சரும், அறுவை சிகிச்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த வலிப்பு நோயாளிகளின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் மெல்லிய குழாய்களை வைத்து, அங்குள்ள திரவத்தைச் சேகரித்தார்கள். வலிப்பு வந்தபோது அடினோசின் அளவு பல மடங்கு உயர்ந்தது. வலிப்பு நின்ற பிறகும் அது உடனே இறங்கவில்லை. இந்த ஆய்வு வெளியானது 1992இல். வலிப்பு நின்றபின் அந்த மனிதர் பேச்சுக் குழறி, அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிடுவதற்கு, இப்படி இறங்காமல் நிற்கும் அடினோசினும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. நாள் முழுக்க விழித்திருந்தால் நமக்குத் தூக்கம் வருவதிலும் இதே அடினோசினுக்குப் பங்கு உண்டு. அதன் ஏற்பிகளை மறித்துத்தான் காபி நம்மை விழிக்க வைக்கிறது. ஆஸ்துமாவுக்குக் கொடுக்கப்படும் தியோபிலின் மருந்தும் அதே ஏற்பிகளை மறிப்பதுதான். அதன் அளவு மிஞ்சினால் வலிப்பு வரும், வந்தது எளிதில் நிற்காது.

அமிலத்தன்மையும் துடிப்பைத் தணிக்கிறது. சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் வகை வலிப்பு இருக்கும் குழந்தையை, மூளையின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. அறையில் காகிதக் காற்றாடியைக் கொடுத்து மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொல்வார்கள். வேகமாக மூச்சு விட்டதும் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து அமிலத்தன்மை இறங்குகிறது. பல குழந்தைகளுக்கு வலிப்பு அங்கேயே வந்து திரையில் பதிவாகிவிடும்.

இந்தத் தடுப்புகள் தோற்கும் நேரமும் உண்டு. ஐந்து நிமிடத்தைத் தாண்டிய வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு. நேரம் போகப்போக, நியூரானை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகள் சவ்விலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றன. அவற்றின் வழியாகவே வேலை செய்யும் மிடசோலம் போன்ற வலிப்பை நிறுத்தும் மருந்துகளுக்குப் பிடி கிடைப்பதில்லை. 1970களில் ஆய்வாளர் பிரையன் மெல்ட்ரம் பபூன் குரங்குகளின் தசைகளைச் செயலிழக்கச் செய்து, செயற்கைச் சுவாசம் கொடுத்து ஆராய்ந்தார். உடல் உதறவில்லை, மூச்சும் தடைபடவில்லை. ஆனாலும் நீடித்த வலிப்பில் மூளைச் செல்கள் அழிந்தன. ஆகவே சாவி தேடும் கை கடிகாரத்தைப் பார்க்கட்டும். விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

எரிபொருளை மாற்றினால் வலிப்பு குறையுமா என்ற கேள்வி பழையது. 1911இல் பாரிஸில் இரு மருத்துவர்கள் பட்டினி சிகிச்சையின் பலனை எழுதினார்கள். 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர், பட்டினி போடாமலேயே அதே நிலையை உண்டாக்க வழி சொன்னார்: கொழுப்பை மிகுதியாக்கி, மாவுச்சத்தை ஏறக்குறைய விலக்கிய உணவு. அப்போது கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களைத் தயாரிக்கிறது. மூளை அவற்றை எரித்து வேலை பார்க்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத குழந்தைகளிடம் லண்டனில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், இந்தக் கீட்டோஜெனிக் உணவு உண்டவர்களில் 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. உண்ணாதவர்களில் 6 சதவீதம் பேருக்கே அப்படி. எலிகளில் நடந்த ஆய்வுகள், இந்த உணவின் பலனில் அடினோசினுக்கும் பங்கிருப்பதைக் காட்டுகின்றன. இதை வீட்டில் தாமாகத் தொடங்கக் கூடாது. சிறுநீரகக் கல், வளர்ச்சிக் குறைவு போன்ற தொல்லைகள் வரலாம். கிராம் கணக்கில் அளந்து, மருத்துவரும் உணவு நிபுணரும் கூடவே இருந்து செய்ய வேண்டிய சிகிச்சை இது.

ஒரு நோயில் மட்டும் இந்த உணவே முதல் சிகிச்சை. குளூக்கோஸை ரத்தத்திலிருந்து மூளைக்குள் கடத்தும் புரதம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். 1991இல் நரம்பியல் மருத்துவர் டேரில் டி விவோவின் குழு இதை விவரித்தது. இந்தக் குழந்தைகளின் ரத்தச் சர்க்கரை சரியாகவே இருக்கும். மூளைதான் பசித்துக் கிடக்கும். கீட்டோன்கள் வேறு வாசல் வழியாக மூளைக்குள் நுழைபவை என்பதால், உணவை மாற்றியதும் பலருக்கு வலிப்பு அறவே நின்றுவிடுகிறது. நோயைக் கண்டுபிடிக்க முதுகுத்தண்டு நீரில் உள்ள சர்க்கரையை ரத்தச் சர்க்கரையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அல்லது மரபணுச் சோதனை செய்ய வேண்டும். கைக்குழந்தைப் பருவத்திலேயே வலிப்பு தொடங்கி, மருந்துகளுக்கு அடங்காமல், காலையில் வெறும் வயிற்றில் கூடுதலாக வருகிறது என்றால் பெற்றோர் அதை நரம்பியல் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.