இரண்டு பக்கமும் ப்ளக் வைத்த வயர்

"தம்பி, ஏ.டி.எஸ். போயிடுச்சு, புதுசு என்ன விலை?"

கோத்தகிரிப் பக்கமிருந்து போன். ஏ.டி.எஸ். என்றால் கரண்ட் போனதும் வீட்டைத் தானாக ஜெனரேட்டருக்கு மாற்றிவிடுகிற பெட்டி. இந்த மழைக்கு இது மூன்றாவது. போய்ப் பார்த்தால் போனது உள்ளே இருக்கும் 2 ஆம்பியர் ஃபியூஸ். ஜெனரேட்டர் ஓடுகிறது, அதை வீட்டு லைனோடு இணைக்கிற காந்த சுவிட்சான கான்டாக்டர் மட்டும் இழுக்கவில்லை. ஃபியூஸ் மாற்றினேன், சரியாகிவிட்டது.

எனக்குப் பகீரென்றது கீசர் பாயிண்டைப் பார்த்துத்தான். ஜெனரேட்டரிலிருந்து இரண்டு பக்கமும் ப்ளக் வைத்த ஒரு வயர் அதில் செருகியிருந்தது. கேட்டால், ஏ.டி.எஸ். இல்லாமல் வீட்டுக்கு 'டைரக்ட்'டாம்.

"மெயினை இறக்கிட்டுத்தான் போட்டேன்" என்றார். எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். இன்றைக்கு நீங்கள் இறக்கினீர்கள் சார், நாளை இருட்டில் உங்கள் பையன் இறக்குவாரா? மறந்தால் உங்கள் 230 வோல்ட் சர்வீஸ் வயர் வழியே டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். 11,000 வோல்ட்டை இறக்கித் தருகிற அதே பெட்டி, பின்பக்கம் கரண்ட் வந்தால் ஏற்றியும் விடும்.

"சின்ன ஜெனரேட்டர், ஊர் லோடைத் தாங்காம நின்னுடும்" என்பது அடுத்த சமாதானம். மரம் விழுந்து லைன் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே அறுந்தால் ஊர் லோடு எங்கே இருக்கிறது? அறுந்த கம்பியும் அதை மழையில் இழுத்துக் கட்டுகிற லைன்மேனும்தான் மிச்சம். ஏ.டி.எஸ்.ஸுக்குள் ஒரு கான்டாக்டர் ஒட்டியிருக்கும்போது இன்னொன்றை ஒட்டவிடாத இன்டர்லாக் இருக்கிறது. நீங்கள் காசு கொடுத்தது முக்கியமாக அதற்குத்தான்.

கூப்பிடும் முன் இவற்றைப் பாருங்கள். ஏ.டி.எஸ்.ஸின் செலக்டர் சுவிட்ச் ஆட்டோவில் இருக்கிறதா? ஜெனரேட்டரின் பிரேக்கர் மேலே இருக்கிறதா? ஸ்டார்ட் ஆன உடனே மாறாது, வோல்டேஜ் நிலையாகும்வரை சில நொடி பொறுங்கள். கரண்ட் வந்த பிறகும் அப்படித்தான், சில நிமிடம் ஜெனரேட்டரிலேயே ஓடும். அது கோளாறு இல்லை. தானாக ஸ்டார்ட்டே ஆகவில்லையென்றால் முதல் சந்தேகம் பேட்டரி. 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்டலாம், ஸ்டார்ட்டர் சுற்றும்போது பத்துக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம் என்று சந்தேகப்படுங்கள். ஊட்டி மார்கழிக் குளிரில் இன்னும் மோசம். டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேனலைத் திறக்காதீர்கள். கரண்ட் இல்லாத நேரத்தில்கூட வேண்டாம். மெயின் எப்போது வரும், ஜெனரேட்டர் எப்போது கிளம்பும் என்று உங்களுக்குத் தெரியாது. நானே செலக்டரை ஆஃபில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, மெயின் பக்கமும் இறக்கி, டெஸ்ட் செய்துதான் கைவைக்கிறேன்.

மாதம் ஒருமுறை மெயினை இறக்கி, வீட்டு லோடோடு ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லையா, ஒரு ராத்திரி மெழுகுவத்தியில் இருங்கள், காலையில் வருகிறேன். தயவுசெய்து அந்த வயரை மட்டும் இன்றைக்கே வெட்டிப் போடுங்கள்.