வெள்ளையாகிப்போன முருகைக்கு இன்னும் உயிர் இருக்கிறது

சித்திரை வருஷம் முடிந்த கையோடு திருகோணமலையின் நிலாவெளிக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். வாடைக்காற்று போய், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இன்னும் எழும்பாத இடைவெளி அது. கடல் தாம்பாளத்தில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடக்கும். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் இருக்கும் புறாமலை என்ற சிறு தீவுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் படகுகளுக்கு ஓய்வே இருக்காது. படகுக்காரருக்கும் விடுதிக்காரருக்கும் இதைவிட நல்ல காலம் இல்லை. புறாமலையைச் சுற்றி நீருக்கடியில் இருக்கும் முருகைக்கு, அதாவது பவளப்பாறைக்கு, இதைவிடக் கெட்ட காலமும் இல்லை. இரண்டுக்கும் காரணம் அந்த அசையாத கடல்தான்.

ஏறத்தாழ வருஷப் பிறப்பை ஒட்டித்தான் சூரியன் திருகோணமலைக்கு நேர் உச்சியில் வரும். நண்பகலில் நம் நிழல் நம் காலடிக்குள்ளேயே விழும். அந்த வெயிலைக் கடல் அப்படியே வாங்குகிறது. வாங்கிய சூட்டை இறக்க அதற்குக் காற்று வேண்டும். சுடச்சுட இருக்கும் பிளேன்ரீயை ஊதிக் குடிக்கிறோமே, அதுபோல் காற்று மேல்நீரை ஆவியாக்கிச் சூட்டைக் கொண்டுபோகும். அலை எழுப்பி, அடியில் இருக்கும் குளிர்ந்த நீரை மேலே கலக்கியும் விடும். காற்று விழுந்தால் இரண்டும் நின்றுவிடும். மேல்நீர் நாளுக்கு நாள் சூடேறும்.

இந்த அமைதி புதிதல்ல, முருகை ஆயிரக்கணக்கான வருடங்களாக அதோடு வாழ்ந்து பழகியதுதான். மாறியிருப்பது, சூடு ஏறத் தொடங்கும் மட்டம். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் வளிமண்டலத்தில் சேர்த்த வாயுக்கள் பிடித்துவைக்கும் மேலதிக வெப்பத்தில் சுமார் 90 சதவீதம் கடலுக்குள்தான் போகிறது. அதனால் அதே சித்திரை அமைதி இப்போது ஏற்கெனவே சூடான கடலின்மேல் வந்து குந்துகிறது.

முருகைக்கல் என்று நாம் சொல்வது கல் மட்டுமல்ல. அதன் மேற்பரப்பில் தோல்போலப் படர்ந்திருப்பவை பொலிப் எனப்படும் சின்னஞ்சிறு விலங்குகள். கடல்நீரில் கரைந்திருப்பவற்றை எடுத்துக் கல்சியம் காபனேற்றாக்கித் தமக்குக் கீழே வீடு கட்டிக்கொள்பவை. வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்புக்கு ஒரு காலத்தில் முருகையைச் சூளையில் இட்டது இதனால்தான். பொலிப்பின் உடல் கிட்டத்தட்டக் கண்ணாடி. புறாமலையில் காணும் தவிட்டு நிறமும் பச்சையும் பெரும்பாலும் அதனுடையவை அல்ல, அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசியினுடையவை. சூசாந்தெல்லே என்று அவற்றுக்குப் பெயர்.

இந்தப் பாசிதான் அந்த வீட்டின் சமையற்காரர். வெயிலைக் கொண்டு சீனி சமைத்து, தன் தேவைக்கு எடுத்தது போக மிச்சத்தைப் பொலிப்புக்குக் கொடுக்கிறது. பொலிப்பின் சக்தித் தேவையில் 90 சதவீதம் வரை இப்படிக் கிடைத்துவிடும். மாற்றாகப் பொலிப் அதற்கு இடமும், தன் கழிவிலிருந்து பசளையும் கொடுக்கிறது. சத்துக் குறைந்த வெப்பமண்டலக் கடலில் இவ்வளவு பெரிய பாறைகள் எழும்பியது இந்த ஏற்பாட்டால்தான்.

நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடாகும்போது அடுப்பு கையை மீறிப் போகிறது. பாசிக்குள் ஒளியைப் பிடிக்கும் பகுதி பழுதாகிறது. ஆனால் வெயில் விழுவது நிற்பதில்லை. சமைக்க முடியாத அந்தச் சக்தி, எதையும் அரிக்கக்கூடிய ஒட்சிசன் வடிவங்களாக மாறுகிறது. அடுப்படிப் புகை வீடெல்லாம் நிறைந்தால் என்ன செய்வோம்? பொலிப்பும் அதைத்தான் செய்கிறது. சமையற்காரரை வெளியே தள்ளிவிடுகிறது. பாசி போனதும் கண்ணாடி உடலின் ஊடாக அடியிலுள்ள சுண்ணாம்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். இதுதான் வெளிறல்.

வெளிறிய முருகையைப் பார்த்து "செத்துப்போச்சு" என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. சில வாரங்களுக்குள் நீர் ஆறினால் பாசி திரும்பக் குடியேறும். ஆறாவிட்டால்தான் பொலிப் இறக்கும், அதன்மேல் தும்புபோலக் கரும்பாசி படரும். பட்டினி தாங்கும் சக்தியும் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. மான்கொம்புபோலக் கிளைவிடும் இனங்கள் வருடத்துக்கு 10 சென்ரிமீற்றருக்கு மேலும் வளரும், வெப்பம் வந்தால் முதலில் விழுபவையும் அவைதான். வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் மட்டில் வளரும் உருண்டைப் பாறைகள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். டுருஸ்டினியம் என்ற பாசியினத்தை வைத்திருக்கும் முருகை வெப்பத்தை இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனால் அந்தச் சமையற்காரர் கொஞ்சம் கஞ்சன். சீனி குறைவாகத்தான் வரும், வளர்ச்சியும் குறையும்.

ஆகவே எவ்வளவு சூடு என்பதோடு எத்தனை நாள் சூடு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா செய்மதி மூலம் இதைக் கணக்கிடுகிறது. ஓரிடத்தின் மிகச் சூடான மாதத்துக்குரிய வழமையான வெப்பநிலை 29.5 பாகை என்று வைத்துக்கொள்வோம். அதைவிட ஒரு பாகை கூடி 30.5இல் நான்கு வாரம் நின்றால் 4 புள்ளி. இரண்டு பாகை கூடினால் இரண்டே வாரத்தில் அதே 4. நான்கைத் தொட்டால் வெளிறல் கண்ணுக்குத் தெரியும், எட்டைத் தொட்டால் சாவு தொடங்கும்.

1998இல், பசுபிக் கடல் வழமைக்கு மேல் சூடாகும் எல் நினோ வந்தபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்திலும் ஏராளமான முருகை அழிந்தது. திருகோணமலை பெரும்பாலும் தப்பிவிட்டது. அந்த அதிர்ஷ்டத்தை நிரந்தரம் என்று நம்ப முடியாது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் நடப்பதாக நோவா அறிவித்தது. வேகமாக வளரும் இனங்களுக்கே பழைய நிலைக்குத் திரும்பப் பத்து வருடம் அளவில் வேண்டும். இரண்டு வெளிறலுக்கு இடையில் அந்தப் பத்து வருடம் கிடைக்குமா என்பதே இன்றைய கேள்வி.

கடலைக் குளிராக்கும் வித்தை எவரிடமும் இல்லை. பட்டினி கிடக்கும் நோயாளியை நெரிசலில் தள்ளாமல் இருப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. 2003இல் தேசியப் பூங்காவான புறாமலையில் முருகை முழங்காலளவு நீரிலேயே தொடங்கிவிடுகிறது. நீந்தத் தெரியாதவர் நிற்க இடம் தேடிக் கால் வைப்பதும் அதன்மேல்தான். வெளிறல் வாரங்களில் ஆட்களின் எண்ணிக்கையை மட்டுப்படுத்துவதும், நங்கூரம் போடாமல் மிதவையில் படகைக் கட்டுவதும், உடைந்த முருகைத் துண்டுகளைக் கடலடியில் நட்டுப் படம் எடுப்பதைவிடப் பல மடங்கு பயன் தரும் என்பது என் எண்ணம். நடுவது தவறல்ல. ஆனால் அடுத்த சூட்டில் முதலில் வெளிறுவதும் பெரும்பாலும் அந்த மான்கொம்புகள்தான்.

மிச்சம் நிலக்கரியும் எண்ணெயும் எரியும் இடத்தில் இருக்கிறது. பூமி 1.5 பாகை சூடானால் உலக முருகையில் 70 முதல் 90 சதவீதம் போய்விடும், 2 பாகையானால் 99 சதவீதத்துக்கும் மேல் என்பது ஐ.நா. காலநிலைக் குழுவின் மதிப்பீடு. அந்த அரைப் பாகைக்கான சண்டையின் ஒரு சிறு துண்டு கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கமே நடந்தது. சம்பூரில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் கட்டும் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. கடலோர நிலக்கரி நிலையங்கள் பொதுவாகக் கடல்நீரை எடுத்துத் தம்மைக் குளிர்வித்து, சூடான நீரைத் திரும்பக் கடலிலேயே விடுபவை. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் திட்டத்துக்கு வேலை தொடங்கி வைக்கப்பட்டது. முருகையை வெளிறவைக்கும் அதே சித்திரை வெயில் அங்கே மின்சாரமாகும்.

வைகாசி போனால் கச்சான் எழும்பும். புழுதியையும் வெக்கையையும் அள்ளிக்கொண்டு வரும் அந்தக் காற்றைக் கரையில் எல்லோரும் திட்டுவார்கள். கடலின் மேல்நீரை அது கலக்கத் தொடங்கும் நாளில், புறாமலைக்கடியில் எத்தனை பொலிப் பட்டினியைத் தாங்கி நிற்கிறதோ, அத்தனைக்கும் சமையற்காரர் திரும்பி வருவார்.