நெக்ஸ்ட் – இது உண்மையில ஒரு சூப்பர்லேட்டிவ்

போன மாசம் பல் டாக்டர் கிளினிக்ல டோக்கனோட உட்கார்ந்திருந்தேன். உள்ள இருந்த அக்கா கதவை பாதி திறந்து "நெக்ஸ்ட்"னு ஒரு குரல் குடுத்தாங்க, பத்து தலை ஒண்ணா நிமிர்ந்துச்சு. நாம தினமும் காதுல வாங்குற இந்த வார்த்தை பிக், பிக்கர், பிக்கஸ்ட்ல வர்ற அந்த மூணாவது ரகம்னு ஸ்கூல்ல யாரும் சொல்லித் தரல.

பழைய இங்கிலீஷ்ல "கிட்ட"ங்கறதுக்கு இருந்த சொல்லுதான் இப்போ கவிதைல மட்டும் தலைகாட்டுற "நை". "இன்னும் கிட்ட"ன்னா நியர், "எல்லாத்தையும் விட கிட்ட"ன்னா நெக்ஸ்ட். அவ்ளோதான். ஆனா காலப்போக்குல நியர் சும்மா "கிட்ட"ன்னு ஆயிடுச்சு, அதனால அதுக்கு மேல இன்னொரு வாலை ஒட்டி நியரர், நியரஸ்ட்னு புதுசா செஞ்சுக்கிட்டாங்க, பழைய சூப்பர்லேட்டிவ் மட்டும் வேலை இல்லாம நின்னு வரிசையை குறிக்கிற வேலைக்கு போயிடுச்சு. ஜெர்மன்ல இன்னும் குடும்பம் பிரியல, நா, நேயர், நெக்ஸ்ட்னு மூணும் ஒண்ணாவே இருக்கு.

ஹை-ங்கற வார்த்தைக்கும் ஹெக்ஸ்ட்னு ஒரு தம்பி இருந்தான், ஹையஸ்ட் வந்து அவனை முழுங்கிடுச்சு. ஒரு பழைய இங்கிலீஷ் பழமொழில மட்டும் ரெண்டும் எதுகை போட்டு நிக்குது: துன்பம் ஹெக்ஸ்ட்டா இருக்கறப்போ தீர்வு நெக்ஸ்ட். அதாவது கஷ்டம் உச்சத்துல இருக்கும்போதுதான் விடிவு ரொம்ப கிட்ட இருக்கும்.

சரி, தமிழ்ல? அடுத்த. இதுல தேடவே வேண்டாம், ஆனா எனக்கு ஆச்சரியம் என்னன்னா நம்ம சொல்லும் அதே வழியிலதான் வந்திருக்கு. அடு-ன்னா நெருங்கு, ஒட்டி இரு. (அடுப்புல இருக்கற அடு வேற, அது சமைக்கிற அடு.) ஒண்ணை ஒட்டி ஒண்ணு வச்சா அடுக்கு. "அடுத்தது காட்டும் பளிங்குபோல்"னு வள்ளுவர் சொல்றப்போ நெக்ஸ்ட் ஐட்டத்தையா காட்டுது? பக்கத்துல இருக்கறதை காட்டுது. ரெண்டு மொழியும் "கிட்ட"ல கிளம்பி "அப்புறம்"ல வந்து நிக்குது. வித்தியாசம் ஒண்ணுதான், நம்மகிட்ட எஸ்ட் மாதிரி வால் கிடையாது, "இருக்கறதுலயே"ன்னு முன்னாடி போட்டுதான் அந்த வேலையை முடிக்கணும்.

பைபிள்ல "நெய்பர்"னு வர்ற இடத்துல பழைய இங்கிலீஷ்ல இந்த நெக்ஸ்டோட பழைய வடிவத்தைத்தான் போட்டாங்க, தமிழ் திருவிவிலியத்துல அதே இடத்துல "அடுத்திருப்பவர்". அழகு. ஆனா நம்ம வாயில அந்த அடுத்தவன் என்ன ஆனான் பாருங்க, அடுத்தவன் காசு, அடுத்தவன் விஷயத்துல மூக்கை நுழைக்காத, அப்படின்னு ரொம்ப கிட்ட இருந்தவனை யாரோ ஆக்கிட்டோம்.

ஒரு இடத்துல மட்டும் கவனம். ஆஸ்பத்திரி ஃபார்ம்ல வர்ற நெக்ஸ்ட் ஆஃப் கின், அதுல பழைய அர்த்தம் அப்படியே உறைஞ்சு கிடக்கு, அதனால தமிழ்ல நெருங்கிய உறவினர்னுதான் போடணும், "அடுத்த உறவினர்"னா இவருக்கப்புறம் யாருங்கற மாதிரி ஆயிடும். மைனர் பேருல சிவில் கேஸ் போடறப்போ கோர்ட்ல நெக்ஸ்ட் ஃப்ரெண்ட்னு எழுதுவாங்களே, அதுவும் இதே கதைதான், பெரும்பாலும் அது அந்தப் பிள்ளையோட அப்பாவோ அம்மாவோதான், ஃப்ரெண்ட் யாரும் இல்ல.

கிளினிக் கதை முடியல. புதன்கிழமை அன்னிக்கு பல்லை கிளீன் பண்ணிட்டு "நெக்ஸ்ட் ஃப்ரைடே வாங்க"ன்னாங்க. நான் ரெண்டே நாள்ல போய் நின்னேன். அவங்க நோட்டுல எழுதியிருந்தது அதுக்கடுத்த வெள்ளி. "வர்ற வெள்ளி"ன்னு தமிழ்ல ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஆட்டோ காசு மிச்சம். பழைய கணக்குப்படி இருக்கறதுலயே கிட்ட இருக்கற வெள்ளிதானே நெக்ஸ்ட், அப்போ நான் போனதுதான் சரின்னு ரிசப்ஷன்ல வாதாடலாம்னு வாயைத் திறந்தேன், அதுக்குள்ள அந்தக்கா எனக்குப் பின்னாடி எட்டிப் பார்த்து "நெக்ஸ்ட்"னுட்டாங்க.