அசையாத தட்டு, ஓடும் செயற்கைக்கோளை எப்படிப் பிடிக்கிறது?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். வீட்டு மொட்டை மாடியில், செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் தட்டை வைத்திருக்கிறார்கள். டிவி டிஷ் என்றால் ஆள் வந்து திசை பார்த்துத் திருகி முடுக்கினால்தான் படம் வரும். இந்தத் தட்டையோ ஏறக்குறைய வானத்தைப் பார்க்க வைத்தாலே போதுமாக இருக்கிறது. செயற்கைக்கோள் ஓடிக்கொண்டே இருக்கிறது, தட்டில் மோட்டாரும் இல்லை. பிறகு எப்படி என்பது அவர் கேள்வி. இலங்கையில் 2025 ஜூலையில் இந்தச் சேவை தொடங்கியது. இந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளில் எழுந்திருக்கும்.

டிவி செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் நமக்கு ஒரே இடத்தில் நிற்கிறது. அவ்வளவு தூரம் போய்த் திரும்புவதற்கே, ஒரு கேள்விக்குப் பதில் வர கிட்டத்தட்ட அரை நொடி ஆகிவிடும். அதனால்தான் இணையத்துக்குச் சுமார் 550 கி.மீ. உயரத்தில் செயற்கைக்கோள்களை ஆயிரக்கணக்கில் பறக்கவிடுகிறார்கள். தாமதம் மில்லிநொடிக் கணக்குக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் ஒவ்வொன்றும் நொடிக்கு ஏழரை கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, சில நிமிடங்களில் நம் பார்வையை விட்டுப் போய்விடுகிறது.

சரி, தட்டுக்குள் போவோம். அங்கே குட்டிக் குட்டியாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆன்டெனாக்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. செயற்கைக்கோள் அனுப்பும் அலையின் அதிர்வெண் 12 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், அலைநீளம் 2.5 செ.மீ. பக்கத்துப் பக்கத்து ஆன்டெனாக்களுக்கு நடுவே அதில் பாதி, அதாவது 1.25 செ.மீ. இடைவெளி என்று கொள்வோம்.

நேர் உச்சியிலிருந்து வரும் அலை எல்லா ஆன்டெனாக்களையும் ஒரே நேரத்தில் தொடும். முகடோடு முகடு சேர்ந்து சிக்னல் பெருகும். அலை 30 டிகிரி சாய்வாக வந்தால்? முதல் ஆன்டெனாவைத் தொட்ட பிறகு, அடுத்ததைத் தொட அது 0.625 செ.மீ. கூடுதலாகப் போக வேண்டும். சரியாகக் கால் அலைநீளம். நேரக் கணக்கில் சுமார் 21 பிக்கோ நொடி. ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் 21 பங்கு! ஒரு முழு அலையை 360 டிகிரி என்று எண்ணினால் கால் அலை என்பது 90 டிகிரி. எனவே அடுத்தடுத்த நான்கு ஆன்டெனாக்களில் அலை 0, 90, 180, 270 டிகிரி பின்தங்கி நிற்கும்; இதைக் கட்ட வேறுபாடு என்பார்கள். அப்படியே கூட்டினால் விடை பூஜ்யம். முதலாவதை மூன்றாவதும், இரண்டாவதை நான்காவதும் அழித்துவிடும்.

இங்கேதான் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். முதல் ஆன்டெனாவின் சிக்னலை 270 டிகிரி தாமதப்படுத்துங்கள். இரண்டாவதை 180, மூன்றாவதை 90, நான்காவதை அப்படியே விடுங்கள். இப்போது நான்கும் ஒன்றுசேர்ந்துவிடும். காணாமல் போயிருந்த சாய்வு அலை முழு பலத்தோடு வந்து நிற்கும். இதுவரை நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த உச்சி அலைதான் இப்போது அழிந்துபோகும். தட்டு ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை, அதன் காது மட்டும் 30 டிகிரி திரும்பிவிட்டது. திருப்பியது வெறும் எண்கள். எண்களை மாற்றினால் திசை மாறும், அதுவும் கண்ணிமைப்பதற்குள்.

அனுப்பும்போதும் இதே கதைதான். பள்ளி அணிவகுப்பில் ஒரு வரிசை திரும்பும்போது ஒரு முனையில் இருப்பவர் அடியைச் சுருக்குவார், மறுமுனையில் இருப்பவர் எட்டி வைப்பார், மொத்த வரிசையின் முகமும் திரும்பும். அலைமுகமும் அப்படியே திரும்புகிறது.

இதற்குப் பெயர் ஃபேஸ்டு அர்ரே, அதாவது கட்டத்தை மாற்றித் திசை திருப்பும் ஆன்டெனா வரிசை. ஜெர்மன் இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1905லேயே மூன்று ஆன்டெனாக்களை வைத்து இப்படி ரேடியோ அலையைத் திசைதிருப்பிக் காட்டினார். நமக்குப் பக்கத்திலேயே, திருப்பதி அருகே காதங்கியில் 1,024 ஆன்டெனாக்கள் கொண்ட ரேடார் ஒன்று இருக்கிறது. 53 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் அதன் அலைநீளம் ஐந்தரை மீட்டருக்கும் மேல், அதனால் ஒரு மைதானமே அதற்குத் தட்டு. மேலே வீசும் காற்றை அளக்க, அதே கணக்கில்தான் கற்றையைச் சாய்க்கிறார்கள். இப்படிப்பட்ட நிலையங்களில்தான் இந்த வித்தை தெரிந்த பொறியாளர்கள் உருவாகிறார்கள். 2020-21 கணக்குப்படி இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான். இது போதவே போதாது என்பது என் உறுதியான கருத்து.

இனி அமைக்கும் வேலை. கேபிளை ரவுட்டரில் சொருகி, மின்சாரம் கொடுத்து, போன் வைஃபையில் அதன் பெயரைத் தேடி இணைந்து, ஸ்டார்லிங்க் ஆப்பில் புதுப் பெயரும் கடவுச்சொல்லும் வைத்தால் முடிந்தது. நேரம் செலவிட வேண்டியது வேறொன்றில்: ஆப்பிலேயே கேமராவை வானத்தைச் சுற்றிக் காட்டித் தடைகளைப் பார்ப்பது. தட்டுக்குச் சுமார் 110 டிகிரி அகலத்துக்குத் திறந்த வானம் வேண்டும். 15 நொடிக்கு ஒருமுறை எந்தச் செயற்கைக்கோள் என்பது மறுபடி முடிவாகிறது. அப்படி வந்தது ஒரு பனையின் தலைக்குப் பின்னால் இருந்தால், வீடியோ அழைப்பு உறைந்து நிற்கும். அடுத்தது திறந்த வெளியில் இருந்தால் சரியாகிவிடும். விட்டுவிட்டு வரும் இந்தத் தொல்லைக்கு ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பயன் இல்லை, தட்டைத்தான் இடம் மாற்ற வேண்டும்.

வாஸ்துவுக்காக ஈசானிய மூலையைத் தவிர்த்து, தென்னைகளுக்கு நடுவே தட்டை வைக்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். 2.5 செ.மீ. அலைக்கு மூலைகள் தெரியாது. ஈரமான ஓலையும் கொட்டும் மழையும்தான் அதை விழுங்கும். ஐப்பசி அடைமழையில் வேகம் குறைந்தால் அதற்குக் காரணம் மழைத்துளிகள்.

ஆப் ஒரு பக்கம் சாய்க்கச் சொன்னால் அதைக் கேளுங்கள். நம் அட்சரேகையில் டிவி செயற்கைக்கோள்களின் வளையம் உச்சிக்குச் சற்றே தெற்கில் போகிறது. அவற்றுக்கு இடைஞ்சல் தரக் கூடாது என்பது சர்வதேச விதி. எனவே அந்தப் பட்டையின் நேரே வரும் தாழ்வான செயற்கைக்கோள்களை விலக்கிவிட்டு மற்றவற்றோடுதான் பேச முடியும். வீட்டில் ஏற்கெனவே நல்ல ரவுட்டர் இருந்தால் பைபாஸ் முறையில், அதாவது ஸ்டார்லிங்க் ரவுட்டரின் வேலையை ஒதுக்கிவிட்டு, அதையே பயன்படுத்தலாம். ஆனால் வீட்டு இணைப்பில் பொதுவாக உங்களுக்கென்று தனிப் பொது ஐபி முகவரி, அதாவது வெளியிலிருந்து இணையம் வழியாக நேரே உங்கள் வீட்டை அடைய உதவும் எண், கிடைக்காது. வெளியூரிலிருந்து வீட்டு சிசிடிவியைப் பார்க்க நினைப்பவர்கள், கிளவுட் வழியாக வேலை செய்யும் கேமராவாகப் பார்த்து வாங்குங்கள்.