தொலைந்த விண்டோ எங்கே போகிறது?

தக்கலை பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோ. கல்யாண ஆல்பம் வடிவமைப்பதுதான் அங்கே பெரிய வேலை. ஆவணி முகூர்த்தங்கள் நெருக்கமாக வந்த ஒரு வாரத்தில் கடைக்கார அண்ணன் போன் செய்தார். "மக்கா, ஆல்பம் சாப்ட்வேர் தொறந்தா கீழ ஐகான் வருது, விண்டோவ மட்டும் காணல்ல. ரெண்டு மட்டம் அழிச்சு ஏத்தியாச்சு. பார்மட் அடிச்சிரவா?"

கையை வைக்காதீங்க அண்ணே என்று சொல்லிவிட்டுப் போனேன். மேசையில் ஒரு மானிட்டர்தான் இருந்தது. இடப்பக்கம் இருக்க வேண்டிய இன்னொன்றை, முந்தின நாள் கல்யாண மண்டபத்தில் நேரலை காட்டக் கொண்டுபோயிருந்தார்கள். விண்டோ எங்கே போயிருக்கிறது என்பது அதைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. மண்டபத்துக்குப் போன மானிட்டரின் இடத்தில்தான் அது இன்னமும் திறந்துகொண்டிருந்தது.

நமக்கு விண்டோ என்பது ஒரு சட்டம், தலைப்புப் பட்டை, பொத்தான்கள். கணினிக்கோ அது நான்கு எண்கள். இடமிருந்து எத்தனையாவது பிக்சல் (திரையின் ஒளிப்புள்ளி), மேலிருந்து எத்தனையாவது பிக்சல், அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு. விண்டோஸில் முதன்மை மானிட்டரின் இடது மேல் மூலைதான் பூஜ்யம். அங்கிருந்து வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் எண் ஏறும். முதன்மைத் திரைக்கு இடப்பக்கம் 1920 பிக்சல் அகலமுள்ள இன்னொரு திரையை வைத்தால், அதன் இடங்கள் -1920 தொடங்கி -1 வரை குறை எண்களாகும். மென்பொருளை அந்தத் திரையில் வைத்து மூடினால், 'நான் -1500-இல் இருந்தேன்' என்று அது குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த நாள் திறக்கும்போது அதே எண்ணில் போய் நிற்கிறது. அங்கே திரை இருக்கிறதா என்று பல மென்பொருள்கள் கேட்பதில்லை.

நம் ஊர்ப் பழைய பத்திரங்களில் நான்கெல்லை எழுதியிருப்பார்கள். மேற்கே இன்னார் தென்னந்தோப்பு, வடக்கே ஓடை என்று. தோப்பு கைமாறி, ஓடை தூர்ந்துபோன பிறகும் பத்திரத்தில் எழுத்து அப்படியே இருக்கும். எல்லை காட்டிய பொருள்தான் இருக்காது. விண்டோ காணாமல் போவதும் மங்குவதும் அறுபடுவதும் பெரும்பாலும் இந்த ஒரே கோளாறுதான்: ஒரு திரையை வைத்து எழுதிய எண்ணை இன்னொரு திரையில் படிப்பது.

அண்ணன் இரண்டு முறை அழித்து ஏற்றியும் பலன் இல்லாததற்குக் காரணம், பல மென்பொருள்கள் இந்த எண்களைத் தம்மோடு வைத்துக்கொள்வதில்லை. அவை பயனர் கணக்கின் அமைப்புகளில், விண்டோஸின் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியிலோ ஆப்டேட்டா கோப்புறையிலோ இருக்கின்றன. மென்பொருளை நீக்கினாலும் அந்தக் குறிப்பு பெரும்பாலும் அங்கேயே கிடக்கும்.

விண்டோவை மீட்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆல்ட்-டேப் அழுத்தி அந்த மென்பொருளைத் தேர்ந்தோம். ஆல்ட்டோடு ஸ்பேஸ், பிறகு 'எம்'. இது நகர்த்தும் கட்டளை. வலது அம்பு விசையை ஒருமுறை தட்டியதும் விண்டோ மௌஸோடு ஒட்டிக்கொண்டது. மௌஸை அசைத்ததும் திரைக்குள் வந்துவிட்டது. விண்டோ முழுத்திரையாக இருந்தால் நகர்த்தும் கட்டளை மங்கிக் கிடக்கும். அப்போது ஆல்ட்-ஸ்பேஸுக்குப் பிறகு 'ஆர்' அழுத்தி இயல்பு அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு நகர்த்த வேண்டும். தலைப்புப் பட்டையைத் தாமே வரைந்துகொள்ளும் சில புது மென்பொருள்கள் ஆல்ட்-ஸ்பேஸைக் கண்டுகொள்ளாது. அவற்றுக்கு விண்டோஸ் விசையோடு இடது அம்பு. திரையின் பாதியில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

மென்பொருள் எழுதுகிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நாகர்கோவிலைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருப்பதால் இதை இங்கே சொல்லலாம். விண்டோவை இடத்தில் வைக்க விண்டோஸ் தரும் கட்டளைகளில், சேமித்த எண்ணைச் செட்விண்டோபாஸ் (SetWindowPos) வழியாக அப்படியே கொடுத்தால் விண்டோஸ் எதுவும் கேட்காது, வெளியிலேயே வைத்துவிடும். செட்விண்டோபிளேஸ்மென்ட் (SetWindowPlacement) வழியாகக் கொடுத்தால், விண்டோ முழுக்கத் திரைக்கு வெளியே விழும்போது விண்டோஸே அதை உள்ளே இழுத்துவிடும். இந்த ஒரு வரியை மாற்றியிருந்தால் அண்ணனுக்கு அரை நாள் மிஞ்சியிருக்கும்.

விண்டோவை இப்படி நகர்த்துவதே பின்னால் வந்த வசதிதான். 1985-இல் வந்த விண்டோஸின் முதல் பதிப்பில் விண்டோக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. தரை ஓடு பதித்ததுபோல அடுத்தடுத்து இருக்கும். விருப்பப்படி நகர்த்தி அடுக்கும் வசதி 1987-இல் இரண்டாம் பதிப்பில்தான் வந்தது.

அண்ணனின் அடுத்த குறை வேறு மாதிரி. புது மடிக்கணினியில் கணக்கு மென்பொருளின் எழுத்து மட்டும் கலங்கித் தெரிகிறது, கண் வலிக்கிறது என்றார். 24 அங்குல மானிட்டரில் 1920-க்கு 1080 பிக்சல் என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல் வரும். அதே பிக்சல்களை 15.6 அங்குல மடிக்கணினியில் அடைத்தால் அங்குலத்துக்கு 141. ஒரே எழுத்து, ஒரே பிக்சல் எண்ணிக்கை; மடிக்கணினியில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் சிறுத்துவிடும். அதனால்தான் விண்டோஸ் 125 சதவீதம், 150 சதவீதம் என்று பெருக்குகிறது.

விண்டோஸ் அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற கணக்கை அடிப்படையாகக் கொண்டது. பழைய மென்பொருள்களுக்கு அது மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்ட ஒன்று வந்தால் விண்டோஸ் அதை 96 என்றே நம்பவைத்து, மறைவில் வரையவிட்டு, வரைந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கித் திரையில் ஒட்டுகிறது. 2007-இல் விண்டோஸ் விஸ்டா பதிப்போடு வந்த ஏற்பாடு இது. பாஸ்போர்ட் அளவுப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி அதையே பிளெக்ஸ் அடிக்கச் சொன்னால் முகம் எப்படிக் கலங்கும் என்று ஸ்டுடியோக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 4 பிக்சலை 5 ஆக்கும்போது கூடுதல் பிக்சலுக்கு அசல் தகவல் இல்லை. பக்கத்து நிறங்களைக் கலந்து நிரப்ப வேண்டியிருக்கிறது. தமிழ் எழுத்தில் இது இன்னும் உறுத்தும். 'கி'யின் கொக்கியும் மெய்யின் புள்ளியும் மெல்லிய கோடுகள், முதலில் கரைவது அவைதான்.

இதற்கு வழி: அந்த மென்பொருளின் குறுக்குவழி ஐகானில் வலது சொடுக்கு, பிராப்பர்ட்டீஸ், அதில் கம்பாட்டிபிலிட்டி பக்கம். அங்கே ஹை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) அமைப்பைத் திறந்து 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்பதைத் தேர்ந்தால், பல பழைய மென்பொருள்களில் எழுத்தை மட்டுமாவது விண்டோஸ் கூர்மையாக வரைந்துகொடுக்கும். 'அப்ளிகேஷன்' என்பதைத் தேர்ந்தால் எல்லாமே கூர்மை, ஆனால் பொடிசாகிவிடலாம். பெருக்கச் சதவீதத்தை மாற்றியவுடன் கலங்கியது என்றால், ஒருமுறை சைன்அவுட் செய்து உள்ளே வந்தாலே பாதிக் கேசுகள் சரியாகும். பல மென்பொருள்கள், உள்நுழையும்போது இருந்த அளவைத்தான் கடைசிவரை நம்புகின்றன.

சில நேரம் உரையாடல் பெட்டியின் 'ஓகே' பொத்தானே திரைக்குக் கீழே போய்விடும். 1366-க்கு 768 பிக்சல் உள்ள பழைய மடிக்கணினியில் 125 சதவீதம் வைத்தால், மென்பொருளுக்குக் கிடைப்பது 614 வரி உயரம்தான். திரையின் அடியில் உள்ள டாஸ்க்பாரைக் கழித்தால் இன்னும் குறைவு. 650 உயரத்துக்கு வரைந்த பெட்டி அதில் அடங்குமா? ஆல்ட்-ஸ்பேஸ், 'எம்', மேல் அம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். மௌஸால் போகாத அளவுக்கு, தலைப்பு திரைக்கு மேலே மறையும்வரைகூடப் பெட்டி ஏறும். பொத்தான் வெளியே வரும்.

இங்கே எனக்கு உள்ள ஒரே வருத்தம் தமிழைப் பற்றியது. 'செட்டிங்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்துச் செய்த பொத்தானில் 'அமைப்புகள்' என்று எழுதினால் கடைசி இரண்டு எழுத்து வெட்டுப்படுகிறது. பிறகு, தமிழ் நீளமான மொழி என்று பழி வருகிறது. எழுத்தை அளந்துவிட்டுப் பொத்தானை வரையும் வசதி மென்பொருள் எழுதும் இன்றைய கருவிகள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. நிலையான அகலத்தை எழுதிவைப்பதுதான் தவறு.

மறுநாள் மண்டபத்திலிருந்து மானிட்டர் திரும்பி வந்தது. இந்தமுறை மேசையில் வலப்பக்கம் வைத்தார்கள். மௌஸை வலப்பக்கம் தள்ளினால் சுவரில் முட்டியதுபோல நிற்கிறது, இடப்பக்கம் தள்ளினால் அடுத்த திரைக்குப் போகிறது. டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தோம். இரண்டு கட்டங்கள், அதில் 2 என்று போட்டது இன்னமும் இடப்பக்கம் நின்றது. அண்ணனே அதைப் பிடித்து வலப்பக்கம் இழுத்து விட்டார்.